முப்பத்தொரு விசைகள்

நுழையும்முன்

எழுதுகோல் பிடித்து எழுதக் கற்ற கை, விசைகளைத் தட்டி எழுதவும் இன்று கற்க வேண்டியிருக்கிறது. வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் ஆங்கிலத்தை விரைவாகத் தட்டச்சு செய்கின்றனர். தமிழ் என்று வரும்போது தயங்கி நிற்கின்றனர். அவ்வாறு தயங்கிய ஒரு மாணவியின் வீட்டிற்கு ஒரு விசைப்பலகை வந்தது. ஒரு மாத காலம் அங்கு நிகழ்ந்தவற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

எழுதுபொருளும் எழுத்தும்

எழுதப் பயன்படும் கருவி மாறும்போதெல்லாம் எழுதும் முறையும் சிறிது மாறுகிறது. தமிழ் எழுத்தின் மேல் அமரும் சிறு புள்ளியின் வரலாறே இதற்குச் சான்று. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துகளைப் புள்ளி இடாமல் எழுதும் வழக்கம் இருந்தது. எழுதியவர் புள்ளியை விட்டுவிடுவார்; படிப்பவர் இடம் நோக்கி, எது மெய், எது உயிர்மெய் என்று உணர்ந்து கொள்வார். அச்சுப் பொறி வந்தபின் நாளடைவில் புள்ளி தன் இடத்தைப் பெற்றது. தட்டச்சுப் பொறி வந்தபோது புள்ளிக்கெனத் தனி விசை அமைந்தது. கணினி வந்தபின், சில இடங்களில் நாம் இடாமலேயே புள்ளி தானாக வந்து அமர்கிறது. அஃது எவ்வாறு என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஆச்சியின் கைப்பேசி

மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூர் நகரில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்கிறது. தந்தை மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, வகுப்பறையில் ஆங்கிலம் என்று அவளுடைய நாள் மூன்று மொழிகளில் நகர்கிறது. தந்தையைப் பெற்ற ஆச்சி தென்காசியில் தனியே இருக்கிறார்.

முன்பு ஞாயிறுதோறும் ஆச்சியுடன் தொலைபேசியில் பேசுவது வழக்கம். நாளடைவில் ஆச்சிக்குக் காது மந்தமாயிற்று. இவர்கள் கேட்பது ஒன்று. ஆச்சி விடை சொல்வது வேறொன்று. ஆனால் அவருடைய கண் தெளிவாக இருந்தது. கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வருகின்ற செய்திகளை அவரே படிப்பார். ஆதலால் இனி ஆச்சியிடம் பேச வேண்டுமானால் எழுதித்தான் பேச வேண்டும் என்ற நிலை வந்தது.

மகள் தொடக்கத்தில் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் எழுதி அனுப்பினாள். தோழியருக்கு அவ்வாறு எழுதிப் பழகிய கை அது. ஆச்சியோ தமிழ் எழுத்து மட்டுமே அறிந்தவர். அடுத்த வீட்டுச் சிறுவன் பள்ளியிலிருந்து வரும்வரை காத்திருந்து, அவனைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பேத்தி தனக்கென்று எழுதியது பிறர் வாய்வழியாக வருவதில் அவருக்கு மனக்குறை உண்டு. ஆயினும் அதை அவர் வெளியில் சொல்லவில்லை.

பின்னர் மகள் வேறொரு வழியைக் கண்டாள். ஆங்கில எழுத்துகளில் ஒலியைத் தட்டினால் தமிழ் எழுத்தாக மாற்றித் தரும் செயலி ஒன்றைப் பயன்படுத்தினாள். எழுதியது தமிழாகவே தோன்றியதால் அவளுக்குப் பெருமகிழ்ச்சி. அடுத்த வாரம் ஆச்சி தொலைபேசியில் அழைத்தார். “நாள்தோறும் ஒன்பது மணிக்குப் பல்லிக்குப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே தாயி, பல்லியிடம் உனக்கு என்ன வேலை?” என்று கேட்டுச் சிரித்தார். வீட்டிலிருந்தவர்களும் சிரித்தனர். மகளும் சிரித்தாள். ஆனால் அன்று மாலை தான் அனுப்பிய பழைய செய்திகளை எடுத்துப் பார்த்தபோது ‘பள்ளி’ பல்லியாகவும், ‘மழை’ மலையாகவும், ‘அறை’ அரையாகவும் நின்றன. செயலி தந்த முதல் சொல்லையே அவள் ஒவ்வொரு முறையும் ஏற்றிருந்தாள். எது சரி என்று தேர்ந்தெடுக்கும் அளவுக்கு அவ்வெழுத்துகள் அவளுக்குப் பழக்கமாகவில்லை.

மாமா விட்டுச் சென்ற பலகை

அந்த வேளையில் பெங்களூருவில் கணினித் துறையில் பணியாற்றும் தாய்மாமன் அவர்கள் வீட்டிற்கு வந்தார். வரும்போது தான் முன்பு பயன்படுத்திய விசைப்பலகை ஒன்றைக் கொண்டு வந்தார். “ஒரு மாதம் இதில் எழுதிப் பாருங்கள். பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் அடுத்த முறை எடுத்துச் செல்கிறேன்” என்று கூறிவிட்டுப் புறப்பட்டார்.

அது முழு அளவுள்ள, கம்பி இணைப்புடைய இயந்திர விசைப்பலகை. கடைக்காரர்கள் ‘மெக்கானிக்கல் கீபோர்டு’ என்பார்கள். மொத்தம் 104 விசைகள். நடுவில் எழுத்துகள், மேலே செயல் விசைகள், வலப்புறம் அம்புக்குறிகள், அதற்கும் வலப்புறம் எண்களுக்கெனத் தனிப் பகுதி என்று அகன்று கிடந்தது. ஒரு கிலோவுக்கு மேல் எடை. மேசையில் வைத்தால் தள்ளினாலும் எளிதில் நகராது. மின்கலம் இல்லை, மின்னேற்றம் செய்ய வேண்டிய வேலையும் இல்லை. கம்பியின் முனையைக் கணினியில் செருகியதும் பணி தொடங்கிவிடும்.

வீட்டில் முன்பிருந்த விசைப்பலகை மலிவானது, மெல்லியது. அதில் எல்லா விசைகளுக்கும் அடியில் ரப்பர் விரிப்பு ஒன்று இருக்கும். விசையை அழுத்தினால் அவ்விரிப்பின் குமிழ் அமுங்கி, அடியிலுள்ள மின்தகடுகளை ஒன்றோடொன்று தொடச் செய்யும். நாள்பட்டால் ரப்பர் தளர்ந்துவிடும். எழுத்து பதிந்ததா இல்லையா என்பதை விரல் அறியாது. கண் நிமிர்ந்து திரையைப் பார்த்தால்தான் தெரியும்.

இயந்திர விசைப்பலகையிலோ ஒவ்வொரு விசைக்கும் தனித்தனிப் பொறி உண்டு. சிறு பெட்டி ஒன்றனுள் ஒரு தண்டு. அதன் கீழ் ஒரு சுருள்வில். பக்கத்தில் இரண்டு உலோகத் தகடுகள். விரல் அழுத்தும்போது தண்டு இறங்கும், தகடுகள் தொட்டுக்கொள்ளும், விரலை எடுத்ததும் சுருள்வில் தண்டை மேலே தள்ளிவிடும். பொதுவாக விசை இறங்கும் மொத்தத் தொலைவு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். அதில் பாதி தொலைவு இறங்கும்போதே எழுத்து பதிந்துவிடும். அடிவரை அறைய வேண்டியதில்லை.

இப்பொறிகளிலும் வகைகள் உண்டு. ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980-களில் உருவாக்கிய பொறிகளின் வண்ணங்களே இன்று பெயர்களாக வழங்குகின்றன. சிவப்பு வகை தடையின்றி வழுக்கி இறங்கும். பழுப்பு வகையில் எழுத்து பதியும் இடத்திற்கு அருகே சிறு மேடு ஒன்றைக் கடந்தது போல விரலுக்கு உணர்வு ஏற்படும். நீல வகையில் அந்த உணர்வோடு ‘கிளிக்’ என்ற ஒலியும் கேட்கும். மாமா விட்டுச் சென்றது பழுப்பு வகை.

தந்தையின் விரல்கள்

புதிய பலகையில் முதலில் அமர்ந்தவர் தந்தை. அவர் இளமையில் தென்காசியில் தட்டச்சுப் பயிலகத்திற்குச் சென்று, அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தமிழ்த் தட்டச்சில் தேறியவர். வேலைக்கு வந்தபின் ஆங்கிலமும் இந்தியுமே தட்டச்சு செய்ததால் அந்தத் திறன் பயனின்றிக் கிடந்தது. விசைகளில் விரல் வைத்ததும் பழைய நினைவில் ஓங்கித் தட்டினார். ‘டக், டக்’ என்று கூடம் முழுவதும் ஒலித்தது. தட்டச்சுப் பொறியில் அவ்வாறு தட்டினால்தான் எழுத்துக் கம்பி எழுந்து சென்று மைநாடாவின் மீது மோதித் தாளில் பதியும். அக்காலத்துக் கைக்கு அது பழக்கம்.

தட்டச்சுப் பொறியின் வரலாறு சுவையானது. அமெரிக்காவில் கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ் என்பவர் தம் நண்பர்களுடன் சேர்ந்து உருவாக்கிய பொறியை ரெமிங்டன் நிறுவனம் 1870-களில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் எழுத்து வரிசையே இன்றைய ஆங்கில விசைப்பலகையிலும் தொடர்கிறது. அப்பொறியில் தமிழை ஏற்றுவது எளிதன்று. ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகள்; தமிழுக்கு 247. இத்தனைக்கும் தனித்தனி விசை வைக்க இயலாது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் பணிபுரிந்த ஆர். முத்தையா இச்சிக்கலுக்குத் தீர்வு கண்டார். எழுத்துகளைக் கால், கொம்பு, புள்ளி எனப் பகுத்து விசைகளில் அமைத்தார். அவருடைய வடிவமைப்பின்படி ஜெர்மனியில் தமிழ்த் தட்டச்சுப் பொறி செய்யப்பட்டது. தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று அவர் போற்றப்படுகிறார்.

அப்பொறியில் புள்ளி விசையை அழுத்தினால் புள்ளி பதியும்; ஆனால் தாள் நகராது. ஆகவே முதலில் புள்ளியை இட்டு, அதன்பின் அதே இடத்தில் எழுத்தை அடிக்க வேண்டும். ‘ம்’ என்று எழுதப் புள்ளி முதலில், மகரம் பின்னர். ‘கொ’ என்று எழுத ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என மூன்று தட்டுகள். கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தை அடுக்கும் முறை அது. தந்தையின் விரல்கள் இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த வரிசையை மறக்கவில்லை.

அ, இ, உ இருக்கும் இடம்

மகளுக்கு வேறொரு முறையைக் கற்பிக்கலாம் என்று தந்தை எண்ணினார். 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு நடைபெற்றது. கணினியில் தமிழுக்கு ஒரே சீரான விசைப்பலகை வேண்டும் என்று அங்கு ஆராயப்பட்டது. அதன் பயனாக உருவான அமைப்பைத் தமிழ்நாடு அரசு அவ்வாண்டிலேயே தரப்படுத்தியது. அதுவே ‘தமிழ்99’. இன்றைய கணினிகளின் மொழி அமைப்பில் அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

அதன் அடிப்படை மிக எளியது. உயிர் எழுத்துகள் 12. மெய் எழுத்துகளுக்காக 18. புள்ளிக்கும் ஆய்தத்துக்கும் சேர்த்து 1. ஆக 31 விசைகள் போதும். ஆங்கில எழுத்துகள் அமைந்த 26 விசைகளையும், அவற்றின் வலப்புறம் உள்ள குறி விசைகளில் ஐந்தையும் தமிழ் எடுத்துக்கொள்கிறது. உயிர்கள் இடக்கைக்கு, மெய்களில் பெரும்பாலானவை வலக்கைக்கு. மகள் வகுப்பில் கற்ற முதல் இலக்கணமே அங்கு விசைகளாகப் பரந்து கிடந்தது.

ஆனால் விசைகளின் மேல் ஆங்கில எழுத்துகள் மட்டுமே அச்சிடப்பட்டிருந்தன. அவள் சிறு தாள்களில் தமிழ் எழுத்துகளை எழுதி ஒட்டினாள். இரண்டு நாள்களில் விரல் வியர்வையில் அவை உரிந்து விழுந்தன. மீண்டும் ஒட்ட முயன்றபோது தந்தை தடுத்தார். “கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார். இரண்டு விசைகளில் சிறு கோடு போல மேடு தெரியும். அங்கே இரு கைகளின் சுட்டுவிரல்களையும் வை. மற்ற விரல்கள் தாமே தம் இடத்தைக் கண்டுகொள்ளும்” என்றார்.

அவள் அவ்வாறே செய்தாள். இடக்கைச் சுட்டுவிரலின் கீழ்ப் புள்ளி. வலக்கைச் சுட்டுவிரலின் கீழ்ப் பகரம். இடக்கையின் மற்ற மூன்று விரல்களின் கீழ் அ, இ, உ. “இவை சுட்டெழுத்துகள் அல்லவா!” என்று அவள் வியந்தாள். அவற்றுக்குப் பக்கத்திலேயே வினா எழுத்தாகிய எ. வலக்கைப் பக்கம் க, ப, ம, த, ந, ய. அது, இது, எது என்ற மூன்று சொற்களையும் நடு வரிசையை விட்டு நீங்காமலே எழுத முடிந்தது. மதி, நதி, தம்பி, இதயம் ஆகியவையும் அவ்வாறே.

‘கொ’ என்று எழுத இங்கு மூன்று தட்டுகள் வேண்டா. ககரத்தைத் தட்டி ஒகரத்தைத் தட்டினால் போதும். உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னுமாக நிற்கும் என்று இலக்கணம் கூறுகிறது. அந்த ஒலி வரிசையிலேயே விரலும் செல்கிறது. கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பழகிய தந்தைக்கு இது தடுமாற்றத்தைத் தந்தது. புள்ளியை முதலில் தட்டி, பின்னர் அதை அழித்தார். மகளுக்கோ மறக்க வேண்டிய பழக்கம் ஏதும் இல்லை. சில நாள்களில் அவள் தந்தைக்கு வழிகாட்டலானாள்.

புள்ளி தானே வரும் இடம்

ஒரு மாலை ‘பந்து’ என்று எழுத அவள் ப, ந என்று தட்டி, அடுத்துப் புள்ளி இட மறந்து த, உ என்று தட்டிவிட்டாள். திரையில் ‘பந்து’ என்றே சரியாக வந்தது. தவறாகத் தட்டியும் சரியாக வந்தது எப்படி என்று அவளுக்கு விளங்கவில்லை. வேறு சொற்களையும் தட்டிப் பார்த்தாள். சங்கு, பஞ்சு, நண்டு, கம்பு, கன்று எல்லாம் புள்ளி இடாமலேயே புள்ளியோடு வந்தன. ‘அன்பு’ மட்டும் அவ்வாறு வரவில்லை.

தந்தை அவளுடைய இலக்கணப் பாடத்தை எடுத்து வரச் சொன்னார். அதில் ‘இன எழுத்துகள்’ என்ற பகுதியைத் திறந்தார். ஙகரத்துக்குக் ககரம் இனம், ஞகரத்துக்குச் சகரம், ணகரத்துக்கு டகரம், நகரத்துக்குத் தகரம், மகரத்துக்குப் பகரம், னகரத்துக்கு றகரம். மெல்லின எழுத்தும் அதன் வல்லின இணையும் அடுத்தடுத்து வருமானால் முன்னதற்குப் புள்ளி வரும் என்பதை அவ்வமைப்பு அறிந்து வைத்திருக்கிறது. ‘அன்பு’ என்ற சொல்லில் னகரத்துக்கு அடுத்து வருவது பகரம். அஃது இனம் அன்று. ஆகவே அங்கு நாமே புள்ளி இட வேண்டும். ஒரே மெய் இருமுறை வந்தாலும் முதலாவதற்குப் புள்ளி தானே வரும். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்னும் நான்கு தட்டுகள் போதும். அவ்வாறு புள்ளி வேண்டாத ‘மமதை’ போன்ற சொல்லில் முதல் மகரத்துக்குப் பின் அகரத்தைத் தட்டினால் புள்ளி விலகி நிற்கும்.

தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஆறு இணைகளும் அன்று முதல் அவளுக்குக் கைவழிப் பாடமாயின.

லகர, ளகர, ழகரச் சிக்கலும் இங்குதான் தளரத் தொடங்கியது. ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டியபோது மூன்றும் ஒன்றுபோல் குழம்பின. தமிழ்99 அமைப்பிலோ லகரத்துக்கு வலக்கைச் சுட்டுவிரல் கீழே இறங்க வேண்டும். ளகரத்துக்கு அதே விரல் மேலே செல்ல வேண்டும். ழகரத்துக்குச் சிறுவிரல் கீழே இறங்க வேண்டும். ரகரம் கீழ் வரிசையில். றகரம் மேல் வரிசையில். நகரம் நடு வரிசையில் சிறுவிரலுக்கு. ணகரம் மேல் வரிசையில் அதே சிறுவிரலுக்கு. னகரம் மேல் வரிசையில் நடுவிரலுக்கு. தட்டுமுன் எந்த எழுத்து என்று முடிவு செய்தே தீர வேண்டும். ஐயம் எழும்போது அவள் நின்றாள், தாயிடம் கேட்டாள், அகராதியைப் பார்த்தாள். முதல் வாரத்தில் ஒரு பத்தி எழுத அரை மணி நேரம் ஆயிற்று. நேரம் தட்டுவதில் செலவாகவில்லை. எழுத்தைத் தேடுவதில் செலவாயிற்று.

எழுத்து பதியும் இடத்தை விரலுக்கு உணர்த்தும் விசைகள் இங்கு உதவின. திரையையும் விசையையும் மாறி மாறிப் பார்க்காமல், பார்வையைத் திரையிலேயே வைத்து எழுத அவள் பழகினாள். மூன்றாம் வாரத்தில் ‘பள்ளி’ என்று எழுத விரல் தானாக மேலே சென்றது.

குறைகளும் உண்டு

ஒரு பொருளைச் சோதித்துப் பார்ப்பவர் அதன் நிறைகளை மட்டும் கூறினால் அது சோதனை ஆகாது. அவ்வீட்டார் கண்ட குறைகளையும் கூற வேண்டும்.

முதற்குறை ஓசை. பழுப்பு வகைப் பொறியில் ‘கிளிக்’ ஒலி இல்லை எனினும், விசை அடியைத் தொடும்போது எழும் ஓசை இரவில் பெரிதாகக் கேட்டது. பத்து மணிக்குமேல் தந்தை எழுத அமர்ந்தால் தாய் உறக்கம் கலைந்து எழுந்து வருவார். பலகையின் கீழ்த் தடித்த துணி ஒன்றை விரித்தனர். ஓசை சற்றுக் குறைந்தது. பாதி அழுத்தினாலே எழுத்து பதியும் என்பதை மகள் செய்து காட்டியபின் தந்தையின் கை மெல்ல மென்மையாயிற்று. ஆயினும் ஓசை முற்றும் நீங்கவில்லை.

இரண்டாம் குறை இடம். அகன்ற பலகை சிறு மேசையை நிரப்பிவிட்டது. எண் பகுதி வலப்புறம் நீண்டிருந்ததால் சுட்டியை இன்னும் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. கையை அவ்வளவு தொலைவு நீட்டிப் பணிசெய்ததில் மகளுக்கு முதல் வாரத்தில் தோள் வலித்தது. எண் பகுதி இல்லாத சிறிய பலகையே போதும் என்று அவள் எண்ணினாள். தாய் அதற்கு உடன்படவில்லை. அவர்தாம் குடியிருப்பின் மாதக் கணக்கைக் கணினியில் ஏற்றுபவர். எண் பகுதியின் நடுவிலுள்ள 5-இன் மேலும் சிறு மேடு உண்டு. அதில் நடுவிரலை வைத்துக்கொண்டு, கணக்கேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் எண்களை இட அவர் பழகிவிட்டார். ஒருவருக்கு இடையூறாக இருந்த பகுதி மற்றொருவருக்கு வசதியாயிற்று.

மூன்றாம் குறை உயரம். பலகை தடித்திருந்ததால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கியது. பின்புறக் கால்களை மடக்கி வைத்தும், நாற்காலியில் ஒரு திண்டு போட்டு உயர்ந்து அமர்ந்தும் அதைச் சரிசெய்தனர். கோடையில் ஜபல்பூரின் புழுதி விசைகளுக்கு இடையில் புகுந்தது. விசைமூடிகளைக் கழற்றித் தூரிகையால் துடைக்க முடிந்தது நன்மையே. ஆனால் வரிசைக்கு வரிசை மூடிகளின் சாய்வு வேறுபடும். ஆகவே எடுத்ததை எடுத்த வரிசையிலேயே மாட்ட வேண்டும்.

தந்தைக்கு மற்றோர் எண்ணமும் இருந்தது. அலுவலகத்தில் அவர் இந்தியை ‘இன்ஸ்கிரிப்ட்’ முறையில் எழுதுகிறார். இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட அம்முறையில், இந்தியின் ககரம் இருக்கும் விசையிலேயே தமிழின் ககரமும் இருக்கும். ஒன்றைக் கற்றவர் மற்றொன்றை எளிதில் கற்கலாம். பல மொழிகள் வழங்கும் நாட்டில் அது சிறந்த ஏற்பாடு. ஆனால் அதில் தமிழ் எழுத்துகள் பலவற்றுக்கு ‘ஷிப்ட்’ விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். புள்ளியை ஒவ்வொரு முறையும் நாமே இட வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபின், மகள் தமிழ்99 முறையிலேயே தொடரட்டும் என்று அவர் முடிவு செய்தார். தம் அலுவலகப் பணிக்கு இன்ஸ்கிரிப்ட்டையே வைத்துக்கொண்டார்.

மாதம் முடிந்தபோது

நான்காம் வாரத்தில் மகள் ஆச்சிக்கு ஒரு நீண்ட மடலைக் கணினியில் எழுதினாள். பள்ளி ஆண்டு விழாவைப் பற்றியும், நர்மதை ஆற்றில் படகில் சென்றதைப் பற்றியும், தன்னோடு பேசாமலிருந்த தோழி மீண்டும் பேசத் தொடங்கியதைப் பற்றியும் எழுதினாள். கடைசிச் செய்தியை அவள் வீட்டில் எவரிடமும் கூறியதில்லை. அதை எழுதி முடித்து, ஒவ்வொரு சொல்லையும் ஒருமுறை படித்துப் பார்த்து அனுப்பினாள்.

ஆச்சி அதை அடுத்த வீட்டுச் சிறுவனிடம் காட்டவில்லை. தாமே படித்தார். ஞாயிறன்று தொலைபேசியில் அழைத்தபோது, ஆண்டு விழாவைப் பற்றியும் படகைப் பற்றியும் எல்லார் முன்னிலையிலும் பேசினார். தோழியைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. பேச்சை முடிக்கும்போது மட்டும், “நீ எழுதினதை எல்லாம் படித்தேன் தாயி. அந்தப் பிள்ளையை ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடு” என்றார். எந்தப் பிள்ளை என்று தாய் கேட்டார். மகள் புன்னகையோடு பேச்சை மாற்றினாள்.

மாமா மீண்டும் வந்தபோது விசைப்பலகையை எடுத்துச் செல்லவில்லை. அது கூடத்து மேசையிலேயே இருக்கிறது. விலை உயர்ந்த கருவி இருந்தால்தான் தமிழ் எழுத வரும் என்பதில்லை. பள்ளியின் கணினி அறையில் உள்ள எளிய விசைப்பலகையிலும் அந்த 31 விசைகள் அதே இடங்களில்தான் இருக்கின்றன. மகள் இப்போது அங்கு இரண்டு தோழியருக்குக் கற்பிக்கிறாள். அவர்களுள் ஒருத்தி தஞ்சாவூரில் உள்ள தன் தாத்தாவுக்கு எழுதத் தொடங்கியிருக்கிறாள். அவளுக்கும் ‘ழ’ இன்னும் கைக்கு வரவில்லை. வலக்கைச் சிறுவிரலை இறக்கி இறக்கிப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

பயிற்சி

1. புள்ளி இடும் முறை ஓலைச்சுவடி, தட்டச்சுப் பொறி, கணினி ஆகியவற்றில் எவ்வாறு வேறுபட்டது? மூன்று தொடர்களில் எழுதுக.
2. ‘சங்கு’ என்ற சொல்லில் புள்ளி தானாக வருகிறது. ‘அன்பு’ என்ற சொல்லில் வருவதில்லை. காரணம் கூறுக.
3. ஆறு இன எழுத்து இணைகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பாடத்தில் இல்லாத ஒரு சொல்லைத் தருக.
4. பொருள் வேறுபாடு தோன்றத் தொடரில் அமைத்து எழுதுக: பல்லி – பள்ளி; மலை – மழை; அரை – அறை.
5. ஊரிலுள்ள உங்கள் தாத்தா அல்லது பாட்டிக்கு, நீங்கள் வேறு எவரிடமும் கூறாத ஒரு செய்தியை மடலாக எழுதுக. அதனை ஆசிரியரிடம் காட்ட வேண்டியதில்லை, அனுப்பினால் போதும்.